முதல் கப்பல் பயணம்: இன்சூரன்ஸ் எப்போது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

உல்லாசக் கப்பலில் முதன்முறையாகப் போகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை இன்சூரன்ஸையும் சாப்பாட்டையும் சுற்றியே வருகின்றன. கேபின் எது, எந்தத் துறைமுகம் என்று முடிவு செய்யும்வரை இருக்கும் அக்கறை, இந்த இரண்டுக்கு வரும்போது "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தளர்ந்துவிடுகிறது. இரண்டுக்குமே கெடு உண்டு. அதனால் நாட்களையும் மணிகளையும் குறிப்பிட்டே பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஏழு இரவுப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம். புறப்பட இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இன்சூரன்ஸைக் கிளம்பும் வாரத்தில் எடுத்தால் போதாதா?

போதாது. பாலிசியில் இருக்கும் ரத்துப் பாதுகாப்பு (பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் கட்டிய பணத்தைத் தருவது) நீங்கள் அதை வாங்கிய நாளிலிருந்துதான் வேலை செய்யும். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் யாருக்காவது கால் முறிந்தாலோ, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ, அதற்குப் பிறகு எடுக்கும் பாலிசி அந்தக் காரணத்தை ஏற்காது. நடந்துவிட்ட ஒன்றுக்கு யாரும் இன்சூரன்ஸ் தருவதில்லை.

இன்னொன்று, இதைவிடப் பலருக்கும் தெரியாதது. இரண்டு முக்கியமான சலுகைகள், முதல் பணம் கட்டிய தேதியிலிருந்து 14 முதல் 21 நாட்களுக்குள் பாலிசி எடுப்பவர்களுக்கு மட்டுமே கிடைப்பது பல நிறுவனங்களில் வழக்கம். கணக்கு தொடங்குவது முன்பணம் கட்டிய நாளில். முழுப் பணம் கட்டிய நாளில் அல்ல.

முதல் சலுகை, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான விலக்கை, அதாவது அவற்றால் வரும் செலவைத் தரமாட்டோம் என்ற விதியைத் தளர்த்துவது. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 60 முதல் 180 நாட்களை நிறுவனம் திரும்பிப் பார்க்கும். அந்தக் காலத்தில் புதிய மாத்திரை ஆரம்பித்திருந்தாலோ, மருந்தின் அளவு மாறியிருந்தாலோ, பரிசோதனைக்குப் பரிந்துரைத்திருந்தாலோ அந்த நோய் 'ஏற்கெனவே இருப்பது' ஆகிவிடும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டியதுகூட இதில் சேரலாம். கெடுவுக்குள் எடுத்து, திரும்பக் கிடைக்காத பணம் முழுவதையும் காப்பீடு செய்து, எடுக்கும் நாளில் பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் இருந்தால் இந்த விலக்கு நீங்கும்.

இரண்டாவது, 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து' என்ற கூடுதல் பாதுகாப்பு. மனம் மாறினாலும் ரத்து செய்யலாம். ஆனால் முழுப் பணமும் வராது. 50 முதல் 75 சதவீதம்தான். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்கவும் வேண்டும். பிரீமியமும் நன்றாகவே கூடும். வேலையில் விடுப்பு உறுதியாகாதவர்களுக்கு இது பயன்படும். மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

இப்போது முன்பணம் மட்டுமே கட்டியிருக்கிறீர்கள் என்றால், முதலில் அந்தத் தொகைக்குப் பாலிசி எடுத்து, பிறகு மீதிப் பணமும் விமான டிக்கெட்டும் கட்டும்போது தொகையைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிக்கும். கூட்டுவதற்கும் கெடு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். கப்பல் நிறுவனங்கள் முழுப் பணத்தைப் பொதுவாகப் புறப்படுவதற்கு 60 முதல் 120 நாட்களுக்கு முன் கேட்கும். அந்தத் தேதி தாண்டியதும் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் 100 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

கேள்வி: முன்பதிவு செய்யும்போதே கப்பல் நிறுவனம் தன் இன்சூரன்ஸைக் காட்டுகிறது. ஒரு கட்டத்தில் டிக் செய்தால் போதும். அதையே எடுத்துவிடலாமா?

விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அவசர மருத்துவத்துக்கு எவ்வளவு வரை? நோயாளியைக் கப்பலிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ தகுந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு வரை? ரத்து செய்தால் பணமாகத் தருவார்களா, அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருவார்களா?

கப்பல் நிறுவனத் திட்டங்களில் மருத்துவ வரம்பு 10,000 அல்லது 25,000 டாலரோடு நின்றுவிடுவதைப் பார்க்கலாம். தனியாக வாங்கும் பாலிசியில் மருத்துவத்துக்கு 1,00,000 டாலர், கொண்டுசெல்லும் செலவுக்கு 2,50,000 டாலர் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவக் குழுவோடு தனி விமானம் அமர்த்த நேர்ந்தால் அந்த ஒரு செலவே மொத்தப் பயணச் செலவைப் பல மடங்கு தாண்டும். பெட்டி தொலைந்ததற்கு எவ்வளவு என்பதை முதலில் பார்த்து, கொண்டுசெல்லும் செலவின் வரம்பைக் கடைசியில் பார்க்கிறவர்கள் அதிகம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

கப்பல் நிறுவனத் திட்டம், நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் சேர்க்காமல் விடலாம். அதன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: தனிப் பாலிசிகளின் பிரீமியம் வயதோடு ஏறும்; கப்பல் நிறுவனங்களோ பெரும்பாலும் பயணக் கட்டணத்தை வைத்தே விலை சொல்கின்றன. எழுபதைத் தாண்டியவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

கேள்வி: வருடாந்தரப் பயணப் பாலிசி என்னிடம் இருக்கிறது. மருத்துவக் காப்பீடும் உண்டு. கப்பலில் டாக்டரும் இருப்பாரே?

பாலிசி ஆவணத்தில் 'க்ரூஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். கப்பல் பயணத்தைத் தனிச் சேர்க்கையாக வைத்திருக்கும் பாலிசிகள் பல. அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால், கரையில் செல்லுபடியாகும் பாலிசி கப்பலில் பயன்படாமல் போகலாம். வீட்டில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு முடிந்துவிடும். கிரெடிட் கார்டு தரும் காப்பீட்டில் ரத்து, தாமதம் இருக்கும். மருத்துவம் இல்லாமலே இருக்கலாம்.

கப்பலின் மருத்துவ மையத்தில் டாக்டரும் நர்சுகளும் உண்டு. பெரிய கப்பல்களில் எக்ஸ்ரே, இ.சி.ஜி., அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். ஆனால் அது மருத்துவமனை அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், குடல்வால் அழற்சி போன்றவற்றில் நிலைமையைச் சமாளித்து, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதுதான் அவர்கள் வேலை. செலவு உங்கள் கேபின் கணக்கில் ஏறும். நீங்கள் கட்டிவிட்டு, பிறகு இன்சூரன்ஸில் கேட்கவேண்டும். அதற்கு, செய்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும் பில், டாக்டரின் குறிப்பு, பணம் கட்டிய ரசீது ஆகிய மூன்றையும் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் கப்பலுக்கு எழுதி வாங்குவது மிகவும் சிரமம்.

பெரிய தொகைகள் மறுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கொண்டுசெல்லும் ஏற்பாட்டைக் குடும்பத்தினர் தாங்களே செய்துவிடுவது. பாலிசியில் 24 மணி நேர உதவி எண் இருக்கும். ஏற்பாடு செய்வதும் அனுமதிப்பதும் அவர்கள்தான். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, கூடப் போகிறவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நடுக்கடலில் கரையின் போன் சிக்னல் கிடைக்காது; வரவேற்பு மேசையிலிருந்து பேசலாம்.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் உங்களைக் கேபினிலேயே தனிமையில் வைப்பார்கள். அறிகுறி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் நீளலாம். க்ரூஸ் சேர்க்கை உள்ள சில பாலிசிகள் இதற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும்.

கேள்வி: கப்பல் கிளம்பும் நாள் காலையில்தான் விமானம். தாமதமானால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளுமா?

விமானத்தை முந்தைய நாளுக்கு மாற்றுங்கள். தாமதம் பல பாலிசிகளில் குறைந்தது 3 மணி நேரம், சிலவற்றில் 6 அல்லது 12 மணி நேரம் இருந்தால்தான் பணம் வரும். இரண்டு மணி நேரத் தாமதத்தில் கப்பலை விட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதும் எப்போதும் நடக்காது. விசா, துறைமுக விதிகள் இடம் தரவேண்டும்.

புயல் காரணமாகக் கேப்டன் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால், பயண ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. துறைமுகக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். அங்கே தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குக் கட்டிய பணம்தான் சிக்கிக்கொள்ளும். கப்பல் வராவிட்டால் திருப்பித் தரும் ஏற்பாட்டாளரிடம் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இரவுச் சாப்பாட்டுக்கு 'நிலையான நேரம்', 'விருப்ப நேரம்' என்று இரண்டு கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

நிலையான நேரம் என்றால் தினமும் ஒரே மணி, ஒரே மேசை, ஒரே பரிமாறுநர்கள். முதல் பந்தி மாலை 5:30 அல்லது 6 மணிக்கு. இரண்டாவது 8 அல்லது 8:30க்கு. விருப்ப நேரத்தில் உணவறை திறந்திருக்கும் எந்த மணிக்கும் போகலாம். நார்வீஜியன் க்ரூஸ் லைன் 2000ஆம் ஆண்டு வாக்கில் நிலையான பந்தியையே கைவிட்டு இந்த முறையைப் பரப்பியது. பிறகு மற்றவர்களும் ஏதோ ஒரு வடிவில் கொண்டுவந்தார்கள். டிஸ்னி கப்பல்களில் மூன்றாவது வகை: மேசைத் துணைகளும் பரிமாறுநர்களும் மாறாமல், உணவறை மட்டும் இரவுக்கு இரவு மாறும்.

வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயண அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்கவேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பலில் ஐந்தரைக்கு ஏறி, குளித்து, உடை மாற்றி, ஐந்தரைப் பந்திக்கு எப்படிப் போவது? ஏழில் நான்கு நாள் இப்படி இருந்தால் முதல் பந்தி பாதிக்கு மேல் வீண். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம் என்றால் நிலையான நேரம் அருமை. மூன்றாம் நாளே உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று பரிமாறுபவருக்குத் தெரிந்துவிடும். முதல் பயணத்தில் அந்தப் பரிச்சயம் தரும் நிம்மதி பெரிது.

சிறு குழந்தைகள் இருந்தால் இரண்டாம் பந்தி வேண்டாம். சாப்பாடு ஒன்றரை மணி நேரம் போகும். பத்து மணிக்கு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள்.

விருப்ப நேரத்தின் குறை, ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் வாசலில் நிற்கும் வரிசை. அதற்கு முன்போ பின்போ போகலாம், அல்லது கப்பல் நிறுவனத்தின் செயலியில் நேரம் பதிந்துகொள்ளலாம். இருவருக்கான மேசை எண்ணிக்கையில் குறைவு. வேண்டுமென்றால் பதிவிலேயே குறிப்பிடுங்கள். கேட்ட பந்தி நிரம்பியிருந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள்.

கேள்வி: கட்டணச் சாப்பாட்டுக்கூடங்களுக்குப் 'பேக்கேஜ்' வாங்கினால் லாபமா?

பிரதான உணவறையும் பஃபேயும் பயணக் கட்டணத்திலேயே அடங்கும். முதல் பயணத்தில் அவையே போதும், ஓர் இரவு மட்டும் கட்டணக் கூடத்தில் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் யோசனை. பேக்கேஜ் கணக்கு எளிது: போக நினைக்கும் இரவுகளின் தனிக் கட்டணத்தைக் கூட்டி ஒப்பிடுங்கள். ஆனால் 18 முதல் 20 சதவீத சேவைக் கட்டணம் எதில் சேர்ந்திருக்கிறது, எதில் சேரவில்லை என்று பார்த்தபின் ஒப்பிடுங்கள். சில பேக்கேஜ்களில் முதல் இரவின் இடத்தைக் கப்பலே முடிவு செய்யும். சில உணவுகளுக்குப் பேக்கேஜுக்கு மேலும் பணம் உண்டு. முதல் இரவில் இந்தக் கூடங்களில் கூட்டம் குறைவு, சில நேரம் தள்ளுபடியும் தருவார்கள். முறையான உடை அணியும் இரவில்தான் பல கப்பல்களில் பிரதான உணவறையின் சிறந்த மெனு வரும். அந்த இரவை வெளியே கழிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. மனைவி சுத்த சைவம். கப்பலில் சமாளிக்க முடியுமா?

முடியும், முன்பே சொன்னால். சிறப்பு உணவுப் படிவத்தைக் குறைந்தது 45 நாளைக்கு முன் அனுப்புங்கள்; சில நிறுவனங்கள் 60, 90 நாள்கூடக் கேட்கும். படிவம் போனதாலேயே சமையலறைக்குத் தெரிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். முதல் இரவு தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் மறுநாள் மெனுவை முந்தைய இரவே கொண்டுவருவார். நீங்கள் குறித்துக் கொடுத்ததைத் தனியாகச் சமைப்பார்கள். இந்த விஷயத்தில் நிலையான மேசை மிகவும் உதவும், தினமும் புதிய ஆளிடம் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தான இடம் பஃபே. ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குப் போவதைத் தடுக்க முடியாது. பொரிக்கும் எண்ணெயும் பொது. சைவத்தில் ஏமாற்றுபவை சூப், ஜெல்லி வகை இனிப்பு, சாஸ். சூப் இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கலாம், இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம், சாஸில் மீன் இருக்கலாம். "இறைச்சி இருக்கிறதா" என்று கேட்காமல் "எந்தச் சாற்றில் செய்தது" என்று கேளுங்கள். அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் இரண்டை எடுத்துப் போங்கள், கைப்பையில். இந்த ஒவ்வாமைக்கு அண்மையில் சிகிச்சை பெற்றிருந்தால் இன்சூரன்ஸ் படிவத்திலும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: ஏறிய முதல் நாள் சாப்பாடு எப்படி இருக்கும்?

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். பல கப்பல்களில் பிரதான உணவறையோ வேறொரு சிறு கூடமோ அன்று மதியம் திறந்திருக்கும், செயலியில் பாருங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாந்திபேதி பரப்பும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் போதாது. பெட்டிகள் கேபினுக்கு வர மாலையாகிவிடும் என்பதால் மாத்திரைகளும் பாலிசிப் பிரதியும் தோளில் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் உங்கள் மேசையைப் போய்ப் பாருங்கள். வேண்டாத இடமாகவோ வேண்டாத பந்தியாகவோ இருந்தால், உணவறை மேலாளர் மாற்றங்களுக்கென்று அன்று பிற்பகலில் உட்காரும் நேரம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும். காலியிடங்கள் முதலில் வந்தவர்களுக்கே போகும், அதனால் அந்த நேரம் தொடங்கும்போதே போய்விடுங்கள்.