வெயில் ஆகாத பிள்ளை: ஊருக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: தொண்டிப் பக்கம் கடற்கரைக் கிராமம். என் தங்கை சொந்தத்தில் கட்டியவள். அவள் மகளுக்கு 5 வயது. ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற, வெயிலே ஆகாத பரம்பரை நோய் என்று மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டது. முகமெல்லாம் கரும்புள்ளி. ‘ஒட்டிக்கும்’ என்று மற்ற பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. திருவிழாவுக்கு முன் ஊருக்கு விளக்கி பிளெக்ஸ் வைக்கலாமா?

பதில்: வையுங்கள். ஆனால் பிள்ளையின் படமும் பெயரும் வேண்டாம். பிளெக்ஸ் நாலு மாதத்தில் யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்காவது கூரையாகிவிடும். அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ‘பிளெக்ஸில் வந்த பிள்ளை’ என்ற பேச்சு போகாது.

நோயின் பெயரைப் பெரிதாகப் போட்டும் பயனில்லை. படிக்கிற காலத்தில் எனக்கே அது வாயில் நுழையவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். தொட்டால் ஒட்டாது. வெயில் படக்கூடாது.

ஏன் என்று கேட்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் எல்லார் தோலிலும் டிஎன்ஏவைச் சேதப்படுத்திக்கொண்டேதான் இருக்கிறது. உடம்பு அதை அவ்வப்போது சரிசெய்துவிடும். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்க்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வலை தினமும் கிழியும், சரிபார்க்க ஆளில்லை என்றால்? இந்தப் பிள்ளையின் உடம்பில் அந்த ஆள்தான் இல்லை. விஞ்ஞானி ஜேம்ஸ் கிளீவர் இதை 1968இல் கண்டறிந்தார். காப்பாற்றாமல் விட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரக்கூடும்.

உங்கள் ஊரில் குடை மட்டும் போதாது. மணலும் தண்ணீரும் கதிரைத் திருப்பி அடிக்கும். மேகம் போட்டிருக்கிறதே என்று நம்பவும் முடியாது. பஸ் ஜன்னல் கண்ணாடியும் முழுதாகத் தடுக்காது. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துணி, கண்ணின் பக்கவாட்டையும் மூடும் மூக்குக்கண்ணாடி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும், அதற்கு மருந்து கேட்டு வாங்குங்கள். கண், காதுப் பரிசோதனையும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளியில் சேர்த்ததும் டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். ஜன்னலோர பெஞ்சும், மைதானத்தில் நிற்கிற காலைப் பிரார்த்தனையும் வேண்டாம் என்றால் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

சொந்தத்தில் கட்டினால் இந்நோய்க்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறை மறைவாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனால் அதைப் பிளெக்ஸில் போடாதீர்கள். ஊர் உங்கள் தங்கையைத்தான் திரும்பிப் பார்க்கும். வீடு வீடாக வரும் கிராம சுகாதார செவிலியர் சொல்லட்டும். அப்புறம், நீங்களும் சொந்தத்தில் பெண் பார்ப்பதாக இருந்தால் முதலில் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

பிளெக்ஸில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் வெந்துபோகிற குழந்தை, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாத குழந்தை, இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளி விழுந்த குழந்தை யார் வீட்டில் இருந்தாலும், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு அவளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், நன்றாக இருட்டிய பிறகு.