பிரிட்டிஷ் கடற்படையின் சிவில் தலைவர்: ஃபர்ஸ்ட் லார்ட் பதவி பற்றிக் கேள்வி பதில்

1964 வரை பிரிட்டிஷ் கடற்படைக்கென்று தனியாக ஓர் அமைச்சர் இருந்தார். ஃபர்ஸ்ட் லார்ட் ஆஃப் தி அட்மிரால்டி என்பது அந்தப் பதவியின் பெயர். அட்மிரால்டி என்பது கடற்படையை நிர்வகித்த துறை. நான் விரும்பித் தேடிப் படிக்கும் விஷயம் இது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (காரைக்கால்): ஐயா, ஃபர்ஸ்ட் லார்ட், ஃபர்ஸ்ட் சீ லார்ட் இரண்டும் ஒரே ஆளா? படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது.

இல்லை, இரண்டு பேர். ஃபர்ஸ்ட் லார்ட் அரசியல்வாதி, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஃபர்ஸ்ட் சீ லார்ட் சீருடை போட்ட அட்மிரல். முதல் உலகப் போர் தொடங்கும்போது ஃபர்ஸ்ட் லார்ட் சர்ச்சில்; ஃபர்ஸ்ட் சீ லார்ட் பேட்டன்பர்க் இளவரசர் லூயி, நம் மவுண்ட்பேட்டனின் அப்பா. முதல் பதவி ஒழிந்துவிட்டது, இரண்டாவது இன்றும் இருக்கிறது.

கேள்வி (திருச்சி): இந்தப் பதவி எப்படி வந்தது? ராஜாவே நேரடியாகக் கடற்படையைப் பார்த்துக்கொள்ளவில்லையா?

முதலில் லார்ட் ஹை அட்மிரல் என்று ஒரே ஒருவரிடம்தான் மொத்த அதிகாரமும் இருந்தது. அந்த இடத்தில் இருந்த பக்கிங்ஹாம் பிரபுவை 1628 ஆகஸ்டில் போர்ட்ஸ்மத்தில் ஜான் ஃபெல்டன் என்ற ராணுவ அதிகாரி குத்திக் கொன்றார். சம்பள பாக்கியும் பதவி உயர்வு கிடைக்காத கோபமும் அவருக்கு இருந்தன. மன்னர் முதலாம் சார்லஸ் அந்த இடத்துக்கு உடனே வேறு ஆளைப் போடாமல், அதிகாரத்தை ஒரு குழுவிடம் கொடுத்தார். அந்தக் குழுவின் தலைவர்தான் ஃபர்ஸ்ட் லார்ட் ஆனார்.

பிறகும் நடுநடுவே தனி ஆள் வந்தார். பிற்பாடு இரண்டாம் ஜேம்ஸ் மன்னரானவரும், ஆன் ராணியின் கணவரும் அப்படி இருந்தவர்கள்தான். 1709-க்குப் பிறகு, 1827-28 தவிர, போர்டு எனப்பட்ட அந்தக் குழுவே நிலைத்துவிட்டது. அதில் மாலுமிகளும் உண்டு, அரசியல்வாதிகளும் உண்டு. உத்தரவு போர்டின் பெயரில்தான் போகும். இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். கப்பலை அறிந்தவரும் கஜானாவுக்குப் பொறுப்பானவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு நின்றபோதெல்லாம் என்ன நடந்தது என்பது கீழே வரும்.

கேள்வி (சென்னை): அந்தப் போர்டு கூடும் அறையில் காற்றைக் காட்டும் கருவி ஒன்று இருந்ததாமே?

ஆமாம், இன்னும் இருக்கிறது. லண்டன் வைட்ஹாலில் அட்மிரால்டி கட்டிடத்தின் போர்டு அறையில், கணப்புக்கு மேலே ஒரு வட்ட முகப்பு. கூரையில் உள்ள காற்றுகாட்டியோடு அதன் முள் இணைக்கப்பட்டிருக்கிறது. பாய்மரக் காலத்தில் அது அலங்காரப் பொருள் அல்ல. மேற்குக் காற்று பலமாக அடித்தால், பிரெஸ்ட் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியே வருவது கஷ்டம். கிழக்கே திரும்பினால் வழி திறந்துவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (மதுரை): ஃபர்ஸ்ட் லார்டுகளில் உங்கள் மனதுக்குப் பிடித்தவர் யார்? எல்லோரும் சர்ச்சில் என்கிறார்கள்.

எனக்கு பார்ஹாம் பிரபு. சார்லஸ் மிடில்டன் என்பது அவர் இயற்பெயர். 1805-இல் பதவிக்கு வரும்போது வயது 78. அவருக்கு முன்பு இருந்த மெல்வில், கடற்படைப் பொருளாளராக இருந்த காலத்துப் பணக் கணக்கு விவகாரத்தில் சிக்கி விலகியிருந்தார். கண்டனத் தீர்மானத்தில் மக்களவை 216-க்கு 216 என்று சமமாகப் பிரிய, சபாநாயகர் மெல்விலுக்கு எதிராக வாக்களித்தார். (மறு வருடம் பிரபுக்கள் சபை அவரை விடுவித்தது. பிரிட்டனில் நடந்த கடைசி இம்பீச்மென்ட், அதாவது நாடாளுமன்ற விசாரணை, அதுதான்.)

பார்ஹாம் அதிகம் கடல் சண்டை கண்டவர் அல்ல. கப்பல் பழுது, தளவாடம், கணக்கு, இவற்றில் ஊறியவர். 1805 ஜூலையில் ஒரு நள்ளிரவு, கியூரியூ என்ற சிறு கப்பலின் கேப்டன் அட்மிரால்டிக்கு வந்து சேர்ந்தார். வெஸ்ட் இண்டீஸிலிருந்து திரும்பும் பிரெஞ்சு அட்மிரல் வில்நேவின் கப்பல்களை நடுக்கடலில் பார்த்த செய்தி அவரிடம் இருந்தது. கிழவரை ஏன் எழுப்ப வேண்டும் என்று ஊழியர்கள் காலை வரை விட்டுவிட்டார்கள். எழுந்ததும் பார்ஹாமுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. உடை மாற்றக்கூட நிற்காமல், எந்தப் படைப்பிரிவு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதித் தள்ளினார். ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு மேற்கே அவர் பிரிட்டிஷ் அட்மிரல் கால்டரை நிறுத்திய இடத்துக்கே ஜூலை 22-ஆம் தேதி வில்நேவ் வந்து சேர்ந்தார்.

நவம்பர் 6-ஆம் தேதி அதிகாலை இன்னொரு செய்தி வந்தது. பிக்கிள் கப்பலின் லெப்டினன்ட் லாபனோட்டியேர் ஃபால்மத்திலிருந்து 21 முறை குதிரை மாற்றி வந்து, அட்மிரால்டி செயலர் மார்ஸ்டனிடம் டிராஃபல்கர் கடற்போர் வெற்றியையும் அதை நடத்திய அட்மிரல் நெல்சனின் மரணத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். மார்ஸ்டன் இந்த முறை விடியும்வரை காக்கவில்லை. மெழுகுவர்த்தியோடு அறை அறையாகத் தேடி பார்ஹாமை எழுப்பினார். பதற்றமே இல்லாமல் "என்ன செய்தி, மிஸ்டர் மார்ஸ்டன்?" என்று கேட்டாராம். நெல்சனுக்கு லண்டனில் பெரிய தூண் நிற்கிறது. பார்ஹாமின் பெயரோ பள்ளிப் பாடத்தில்கூட வருவதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி (கோவை): மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது ஃபர்ஸ்ட் லார்ட் என்ன செய்தார், அண்ணா?

1797-இல் போர்ட்ஸ்மத் அருகே நடந்த ஸ்பிட்ஹெட் கிளர்ச்சியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாலுமிகளின் சம்பளம் கிட்டத்தட்ட 150 ஆண்டுகளாக ஏறவே இல்லை. அவர்கள் மனுக்களை அட்மிரல் ஹவ்வுக்கு அனுப்பினார்கள். அவை ஃபர்ஸ்ட் லார்ட் ஸ்பென்சரின் கைக்கும் வந்தன, பதில்தான் வரவில்லை. ஏப்ரலில் நங்கூரம் எடுக்கச் சொன்னபோது ஆட்கள் மறுத்துவிட்டார்கள். ஸ்பென்சர் தானே போர்ட்ஸ்மத்துக்கு ஓடினார். சம்பளம் உயர்ந்தது. உடல்நலம் கெட்டிருந்த வயோதிக ஹவ் கப்பல் கப்பலாகப் படகில் போய்ப் பேசி முடித்துவைத்தார்.

ஸ்பென்சர் திறமைசாலி. அடுத்த வருடமே நெல்சனை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியதில் அவர் பங்கு பெரிது. ஆனாலும் அந்த மனுக்களுக்கு ஒரு பதில் போட்டிருக்கலாம். 1931-இல் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் மாலுமிகள் மறுத்து எழுந்தபோதும் இதே கதை. அடிமட்ட மாலுமிகள் சிலரின் தினக்கூலியில் நான்கு ஷில்லிங்குக்கு ஒரு ஷில்லிங் வெட்டு. பலர் அதைச் செய்தித்தாளிலும் வானொலியிலும்தான் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி (விழுப்புரம்): தொழில் தெரியாதவரை மேலே வைத்ததால் பெரிய விபத்து ஏதாவது நடந்திருக்கிறதா?

தொழில் தெரியாததால் அல்ல, தெரிந்தவரைக் கேட்காததால் நடந்தது. ஹியூ சில்டர்ஸ் 1868 டிசம்பரில் வந்தார். முழுப் பொறுப்பும் ஃபர்ஸ்ட் லார்டுக்கே என்று மாற்றினார். போர்டு கூடுவது அரிதாகிப்போனது. அந்த நேரத்தில் ஹெச்எம்எஸ் கேப்டன் என்ற புதுக் கப்பல் தயாரானது. கடல் மட்டத்திலிருந்து மேல்தளம் வெறும் ஆறரை அடி உயரம். அதன் மேல் உயர்ந்த பாய்மரங்கள். கவிழும் என்று தலைமை வடிவமைப்பாளர் ரீடும் கப்பல் கட்டும் பொறுப்பில் இருந்த கன்ட்ரோலர் ராபின்சனும் கவலை தெரிவித்தார்கள். பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் அதை வடிவமைத்த கேப்டன் கோல்ஸின் பக்கம். சில்டர்ஸுக்கு அந்தக் கப்பல் மேல் அவ்வளவு நம்பிக்கை, தன் மகனையே வேறொரு கப்பலிலிருந்து அதற்கு மாற்றினார்.

1870 செப்டம்பர் 6 நள்ளிரவு தாண்டி, ஃபினிஸ்டர் முனைக்கு அருகே புயலில் கேப்டன் கவிழ்ந்தது. 470-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோல்ஸும் போனார், அந்த மகனும் போனான். பிழைத்தவர்கள் 18 பேர்.

அந்தத் தகப்பனின் துக்கத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அடுத்து அவர் செய்தது சரியில்லை. எச்சரித்த ரீட், ராபின்சன் இருவர் மீதும் பழி விழும்படி ஓர் அறிக்கை வெளியிட்டார். ராபின்சன் பதவி இழந்தார். நிபுணர்களின் கருத்துக்கு மாறாக, பொதுக்கருத்துக்குப் பணிந்து கட்டிய கப்பல் இது என்று கோர்ட் மார்ஷல் எனும் படை நீதிமன்றம் அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தது.

கேள்வி (சிங்கப்பூர்): சர்ச்சில் நல்ல ஃபர்ஸ்ட் லார்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

1914 வரை மிக நல்லவர், 1915-இல் இல்லை. போர்த் திட்டமிடும் தலைமையகம் ஒன்றைக் கடற்படைக்குள் உருவாக்கியவர் அவர்தான். புதிய போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார். அந்த எண்ணெய்க்காக 1914-இல் அரசு 22 லட்சம் பவுண்டு போட்டு ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியில் பெரும்பங்கு வாங்கியது. இன்றைய பிபி நிறுவனத்தின் முன்னோடி அது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோதும் அவர்தான் பதவியில். எம்டனைப் பிடிக்க நவம்பர் 9 வரை ஆயிற்று.

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைத் தாக்கும் விஷயத்தில், அப்போதைய ஃபர்ஸ்ட் சீ லார்ட் ஃபிஷரின் தயக்கத்தை அவர் பேசியே அமுக்கினார். 1915 மே 15-ஆம் தேதி ஃபிஷர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு மறைந்துகொண்டார். அதோடு சர்ச்சிலும் அங்கே நீடிக்க முடியவில்லை. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி அதே நாற்காலிக்குத் திரும்பினார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): யாராவது கொள்கைக்காகப் பதவியைத் தூக்கி எறிந்திருக்கிறார்களா?

டஃப் கூப்பர். 1938-இல் ஹிட்லரோடு செய்த மியூனிக் ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று விலகினார். அமைச்சரவையில் அதற்காக விலகியவர் அவர் ஒருவர்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): இந்தியாவோடு இந்தப் பதவிக்கு என்ன தொடர்பு சார்?

ஆட்கள் வழியாக நிறையத் தொடர்பு. கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்ட், எல்லன்பரோ, வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் மூவருமே ஃபர்ஸ்ட் லார்டாகவும் இருந்தவர்கள். ஆனால் பதவிகளின் காலம் வேறு. 1946-இல் இந்தியாவுக்கு வந்த கேபினட் மிஷனின் மூவரில் ஒருவரான ஏ. வி. அலெக்சாண்டர் அப்போது ஃபர்ஸ்ட் லார்டாகவே இருந்தார். மிஷன் வருகிறது என்று லண்டன் அறிவித்தது பிப்ரவரி 19. பம்பாயில் இந்தியக் கடற்படை வீரர்கள் எழுந்தது அதற்கு முந்தின நாள். அந்தக் கடற்படை அட்மிரால்டியின் கீழ் இல்லை, இந்திய அரசின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (ஈரோடு): பிறகு ஏன் ஒழித்தார்கள்? இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்?

மூன்று படைகளுக்கும் தனித்தனி அமைச்சகம் இருந்தால் பணத்துக்கும் திட்டத்துக்கும் அடித்துக்கொள்வார்கள் என்று 1964 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லாவற்றையும் பாதுகாப்பு அமைச்சகத்தில் இணைத்தார்கள். கடைசி ஃபர்ஸ்ட் லார்ட் ஜெலிகோ, முதல் உலகப் போரில் ஜட்லாண்டு கடற்போரை நடத்திய அட்மிரலின் மகன். லார்ட் ஹை அட்மிரல் பட்டம் எலிசபெத் ராணிக்குப் போனது. 2011-இல் அதைக் கணவர் ஃபிலிப்புக்குக் கொடுத்தார்.

கடற்படைக்கென்று ஒரு கீழ்நிலை அமைச்சர் மட்டும் மிஞ்சினார். 1966-இல் புதிய விமானந்தாங்கிக் கப்பல் திட்டத்தை அரசு ரத்து செய்ததும், அந்த இடத்தில் இருந்த மேஹ்யூவும் ஃபர்ஸ்ட் சீ லார்ட் லூஸும் சேர்ந்தே விலகினார்கள். 1981-இல் கப்பல் குறைப்பை வெளிப்படையாக எதிர்த்த கீத் ஸ்பீடைத் தாட்சர் நீக்கினார், அந்தப் பதவியும் அதோடு போனது. அடுத்த வருடம் மார்ச் 31-ஆம் தேதி, ஃபாக்லாந்து தீவுகளுக்கு அர்ஜென்டினாவால் ஆபத்து என்று தெரிந்தபோது, ஃபர்ஸ்ட் சீ லார்ட் ஹென்றி லீச் சீருடையோடு நாடாளுமன்றத்துக்கே போய், கப்பல் படையை அனுப்ப முடியும், அனுப்ப வேண்டும் என்று பிரதமரிடம் நேரில் சொன்னார். நடுவில் கடற்படைக்கென்று ஓர் அமைச்சர் அப்போது இல்லை.