மில் தொழிலாளி வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள்: ஒரு பதில்

கல்லூரி நாடகத்தில் மில் தொழிலாளி பேசினாலே கூட்டம் சிரிக்கிறது, பேச்சுவழக்கை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அழுக்குச் சட்டை, இழுத்த பேச்சு என்று நடிகர் ஆளை மிமிக்ரி செய்கிறார், அதற்குத்தான் சிரிப்பு. முதலில் அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

டெல்லி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட ‘மெஷின்’ தெருநாடகம் சுமார் 13 நிமிடம்தான். நடிகர்களே சேர்ந்து உடம்பால் இயந்திரமாகி ஓடுவார்கள், திடீரென்று அது நின்றுவிடும், ஏனென்றால் தொழிலாளிகள் சைக்கிள் நிறுத்த இடமும் டீ குடிக்கக் கேண்டீனும் கேட்கிறார்கள், அவ்வளவே, அதற்குத் துப்பாக்கிச் சூடு. அங்கே யாருக்குச் சிரிப்பு வரும்?

அப்புறம், உங்கள் தொழிலாளி பேசுவதாக நீங்கள் சொன்ன அந்த இரண்டு பக்க வறுமை வசனம்... தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவருக்கும் அப்படி ஒரு சின்னக் கோரிக்கை போதும்.