முதியோர் செவிலியத்தில் மேற்படிப்பு: பொறுமை இருந்தால் போதாதா, அதற்கு எதற்கு ஒரு பட்டம்?

கேள்வி: நர்சிங் பட்டம் முடித்துவிட்டு சில வருடங்களாகப் பொது மருத்துவ வார்டில் வேலை செய்கிறேன். முதியோர் பராமரிப்பில் முதுகலை படிக்க ஆசை. கூட வேலை செய்பவர்களோ, "வயசானவங்களைப் பார்த்துக்கப் பொறுமை இருந்தா போதும், அதுக்கு எதுக்குப் படிப்பு? ஐசியு பக்கம் போ" என்கிறார்கள். அந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? வேலையில் பயன்படுமா?

பதில்:

அதைப் படித்துவிட்டு அதே வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பொறுமை வேண்டும்தான். ஆனால் பொறுமை மட்டுமே இருக்கிற நர்ஸால் வயதானவர்களுக்கு ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போய்விடுவார். திடீரென்று உளறுகிறாரா, வயசு. சிறுநீர் அடங்கவில்லையா, வயசு. சாப்பாடு இறங்கவில்லையா, வயசு. நேற்று வரை நடந்தவர் இன்று எழ மறுக்கிறாரா, அதுவும் வயசு. இந்த "வயசானா அப்படித்தான்" என்பதை எங்கே ஏற்றுக்கொள்ளலாம், எங்கே கூடவே கூடாது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் படிப்பின் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி புள்ளியியல். அதைப் பிறகு சொல்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி. ஷிப்ட் மாறும்போது, "நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை, தூங்கிக்கிட்டே இருக்காங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போய்ப் பார்த்தேன். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், "ம்" என்கிறார், மறுபடி மூடிக்கொள்கிறார். "பாட்டி, கிழமையெல்லாம் சனியிலேர்ந்து பின்னாலயே சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். சனி, வெள்ளி என்றார். திரும்பவும் வெள்ளி என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த மகளிடம், ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, "அம்மாதான் எனக்கே கணக்கு சொல்வாங்க சிஸ்டர்" என்றார்.

இதற்குப் பெயர் டெலிரியம். ஷாரன் இனூயே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1990-ல் வெளியிட்ட சோதனை முறையை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். திடீரென்று வந்து ஏறி இறங்கும் குழப்பம், கவனம் ஓரிடத்தில் நிற்காமை, கோர்வையில்லாத சிந்தனை, விழிப்பு நிலையில் மாற்றம் என்று நான்கு அம்சங்கள். முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், பின் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். கத்திக் கூச்சல் போட்டு டிரிப்ஸைப் பிடுங்கி எறிகிறவரை யாரும் தவறவிடுவதில்லை. சத்தமில்லாமல் படுத்தே கிடக்கிற வகை இருக்கிறதே, அதுதான் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பிக்கிறது. நர்ஸுக்குத் தொந்தரவு தராதவர் நல்ல பேஷண்ட் என்ற நம் வார்டு வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? காரணத்தைத் தேட வேண்டும். அந்தப் பாட்டிக்கு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பை நிரம்பிக் கல்லாக இருந்தது. மலம் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. இரவில் தூக்கம் வரவில்லை என்று டைபென்ஹைட்ரமின் எழுதியிருந்தார்கள். ஒவ்வாமைக்குக் கொடுப்பார்களே, அதே மருந்து. குழப்பத்தைத் தூண்டுவது, சிறுநீரைக் கட்டுவது, மலத்தை இறுக்குவது என்று மூன்று வேலையையும் அது ஒன்றே செய்யக்கூடியது. காது கேட்கும் கருவி அலமாரியில் பத்திரமாக இருந்தது! டாக்டரிடம் பேசி மருந்தை நிறுத்தி, சிறுநீரை வெளியேற்றி, வயிற்றைச் சரிசெய்து, கருவியைக் காதில் மாட்டி, பகலில் உட்காரவைத்து, இரவில் விளக்கை அணைத்துத் தூங்கவிட்டோம். ஒரே நாளில் தெளியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய ஆளானார்.

வருமுன் காப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. இனூயே குழு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1999-ல் வெளியிட்டது. கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், நடை, தூக்கம், பேச்சுத் துணை என்று சாதாரணமாகத் தெரிகிற விஷயங்களை ஒழுங்காகச் செய்த பிரிவில் டெலிரியம் வந்தவர்கள் 9.9 சதவீதம். வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை. அத்தனையும் நர்ஸ் கைக்கு எட்டுகிற வேலை. இப்போது சொல்லுங்கள், இது பொறுமையா, படிப்பா?

மருந்தியல்தான் எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த பகுதி. இளநிலையில் நாம் படித்த மருந்தியல் பெரும்பாலும் நடுத்தர வயது உடம்பை மனதில் வைத்து எழுதியது. வயது ஏற ஏற உடம்பில் நீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. அதனால் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயசிபாம் போல கொழுப்பில் கரையும் மருந்து உடம்பை விட்டுப் போக ரொம்ப நாள் எடுக்கும். நேற்று இரவு கொடுத்த மாத்திரை இன்று மதியம் ஆளைத் தள்ளாட வைக்கும். தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் அளவு நார்மல் என்று லேப் ரிப்போர்ட்டில் வந்திருக்கும். ஆனால் தசையே வற்றிப்போனவருக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு, ஆகவே அந்த நார்மலை நம்பி சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

மருந்துச் சங்கிலி என்று ஒன்றை வகுப்பில் காட்டினார்கள். அதன்பிறகு மருந்துச் சீட்டை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்கிறது. ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுகிறார், அவசரத்தில் நனைத்துக்கொள்கிறார். அதை அடக்க இன்னொரு மாத்திரை வருகிறது. அந்த மாத்திரையால் வாய் உலர்ந்து, மலம் இறுகி, புத்தி மங்குகிறது. உடனே மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. மருந்தை மாற்றி எழுதும் அதிகாரம் எல்லா இடத்திலும் நமக்கு இல்லை. ஆனால் எது எதற்குப் பிறகு சேர்ந்தது என்று தேதி வாரியாக எழுதி ரவுண்ட்ஸில் நீட்டினால், பெரும்பாலான டாக்டர்கள் கவனிப்பார்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுத்த பீர்ஸ் பட்டியல் 1991-லிருந்து இருக்கிறது, அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். படிக்கும் காலத்திலேயே அதைக் கரைத்துக் குடித்துவிடுங்கள்.

காய்ச்சல் விஷயமும் இப்படித்தான். நிமோனியா இருக்கும், காய்ச்சல் அடிக்காது. மாரடைப்பு வந்திருக்கும், நெஞ்சு வலிக்காது. மூச்சு வாங்குவதும், சோர்ந்து விழுவதும், சாப்பாட்டை ஒதுக்குவதுமே அறிகுறியாக இருக்கலாம். ஒருவருடைய வழக்கமான வெப்பநிலையைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அதற்கு அவருடைய வழக்கமான அளவு என்ன என்று யாராவது முன்பே குறித்து வைத்திருக்க வேண்டுமே, அந்த யாராவது நாம்தான்.

இந்தத் துறையே நர்ஸுகளும் மருத்துவர்களும் "வயசானா அப்படித்தான்" என்பதை ஏற்க மறுத்ததில் பிறந்தது. 1935-ல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம், இனி தேறமாட்டார்கள் என்று படுக்கையில் போட்டு வைத்திருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒப்படைத்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், படுக்கைப் புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்க 1962-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, கட்டுப்பாடின்றிப் போகும் மலசலம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 14-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து என்று கொள்வார்கள். ஒரு நர்ஸ் வார்டில் நடப்பதை எண்ணிப் பார்த்து எழுதியதுதான் இன்றுவரை பாடமாக இருக்கிறது. இதை நான் ஆராய்ச்சி வகுப்பில் தூக்கம் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆராய்ச்சி என்றதும் அந்தக் கால்வாசிக்கு வருகிறேன். புள்ளியியலைப் பார்த்து பயப்படாதவர் எங்கள் வகுப்பில் யாருமில்லை. எல்லோரும் தேறிவிட்டோம். ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "முதியோர் பராமரிப்பு குறித்து செவிலியர்களின் அறிவும் மனப்பான்மையும்" என்று ஒரு வினாத்தாளைக் கொடுத்து, டிக் அடிக்கச் சொல்லி, பைண்டிங் போட்டு நூலகத்தில் வைத்துவிடுவார்கள். அது யாருக்கும் உதவாது என்பது என் கருத்து. வார்டில் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை எடுங்கள். ஆபரேஷன் முடிந்து எத்தனை மணி நேரத்தில் முதன்முதலாகக் கட்டிலைவிட்டு இறக்குகிறார்கள், தேவை முடிந்தபிறகும் எத்தனை பேருக்குச் சிறுநீர் வெளியேற்றும் குழாயான கத்தீட்டர் அப்படியே கிடக்கிறது என்பவை போல. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவருக்கு இந்தக் கதி என்றால், நாம் "ரெஸ்ட் எடுங்க" என்று படுக்கவைக்கிறவர்களை யோசியுங்கள்.

படிப்பில் எனக்குக் கசந்ததும் உண்டு. சில பாடங்கள் இளநிலையில் படித்ததையே திரும்பச் சொல்லும். கோட்பாடுகள் என்ற பெயரில் கட்டமும் அம்புக்குறியும் நிறைய வரும், அதையெல்லாம் பாஸ் ஆக வேண்டிய அளவுக்குப் படித்தால் போதும். ஒழுக்கவியல் வகுப்பை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள். விழுந்துவிடுவாரோ என்று கையைக் கட்டிலில் கட்டுகிறோமே, அது விழுவதைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை, குழப்பத்தையும் புண்ணையும்தான் கூட்டுகிறது. கட்டில் தடுப்பைத் தாண்டி இறங்கப் பார்ப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறவருக்கு மூக்கில் டியூப் போடச் சொல்லிப் பிள்ளைகள் மன்றாடும்போது என்ன பேசுவது? முடிவெடுக்கும் தெளிவு அவருக்கே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதெல்லாம் வார்டில் அனுபவத்தில் தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்கு வரவில்லை, உட்கார்ந்து விவாதித்துத்தான் வந்தது.

ஐசியு பற்றி உங்கள் தோழிகளிடம் ஒன்று சொல்லுங்கள். அங்கே படுத்திருப்பவர்களிலும் வயதானவர்கள் ஏராளம். 2030-ல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. எலும்பு வார்டு, இதய வார்டு, புற்றுநோய் வார்டு, எங்கே போனாலும் இவர்களைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

வேலை என்று பார்த்தால், மறதி நோய் கிளினிக், எலும்பு முறிவுக்குப் பிந்தைய பராமரிப்பு, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவை, முதியோர் இல்ல நிர்வாகம், வலி தணிப்புப் பிரிவு, ஆசிரியப் பணி என்று போகலாம். பட்டம் வாங்கிய மறுநாளே சம்பளம் ஏறும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பல இடங்களில் பதவியின் பெயர் மாறும், வேலை கூடும், சம்பளம் மெதுவாகத்தான் வரும். முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளைத் தூக்கும் முறையைச் சரியாகப் பழகாமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது.

எந்தக் கல்லூரி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாடத்திட்டத்தின் அழகில் மயங்காமல், நோயாளி பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். மருத்துவமனை வார்டு மட்டும்தானா, முதியோர் இல்லத்துக்கும் வீடுகளுக்கும் அனுப்புவார்களா? முதியோர் மருத்துவத்தில் தேர்ந்த மருத்துவர் ஒருவராவது சொல்லித் தருகிறாரா? ஆன்லைனில் பாடம் நடத்தினால் தப்பில்லை, கை பழகுவதை ஆன்லைனில் செய்ய முடியாது. பணம் கட்டுவதற்கு முன், அங்கே கடைசி ஆண்டு படிக்கிற யாரையாவது பிடித்து, போன வாரம் எந்த வார்டில் இருந்தீர்கள், யாரைப் பரிசோதித்தீர்கள், பக்கத்தில் நின்று திருத்தியது யார் என்று கேட்டுவிடுங்கள். அவர் பதில் சொல்லத் திணறினால் வேறு கல்லூரி பாருங்கள்.