கரண்டு கணக்கு: கேளுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்

மஞ்சக்குப்பம் அக்கா: ஒரு ஃபேன் ரெண்டு மாசத்துக்கு எவ்ளோ யூனிட் இழுக்கும் தம்பி?

பழைய ஃபேன்னா 75 வாட் வைங்கக்கா. தினம் 12 மணி நேரம் ஓடுனா 75ஐ 12ஆல பெருக்கி 900 வாட்-அவர், ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடுனா தான் 1 யூனிட், அப்போ ஒரு நாளைக்கு 0.9 யூனிட், 60 நாளைக்கு 54. கரண்டு கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேன்னா 21.6 தான்.

பாலிடெக்னிக் தம்பி: அண்ணா, 100 வாட் குண்டு பல்புக்கு ரெசிஸ்டன்ஸ் (கரண்டு ஓட்டத்த தடுக்குற அளவு) கணக்கு போட்டா 529 ஓம் வருது, மல்டிமீட்டர்ல 40 கிட்ட தான் காட்டுது, எது தப்பு?

ரெண்டுமே சரி. 230ஐ 230ஆல பெருக்கி 100ஆல வகுத்தா வர்ற 529, பல்பு எரியறப்ப இருக்குற ரெசிஸ்டன்ஸ். நீ அளந்தது ஆறிப்போன பல்பு. டங்ஸ்டன் சூடேற சூடேற ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதான் ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில கரண்டு எகிறி பல்பு பெரும்பாலும் அப்பவே ஃப்யூஸ் போகுது.

புதுச்சேரி நண்பர்: 60 வாட், 100 வாட் பல்பு ரெண்டையும் சீரிஸ்ல (ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா) போட்டா எது பிரகாசம்?

60 தான். சீரிஸ்ல ரெண்டுலயும் ஒரே கரண்டு தான் ஓடும், அப்போ ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தியா இருக்குறது தான் அதிக வாட் எடுக்கும், 60க்கு தான் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி.

தேவனாம்பட்டினம் அண்ணன்: 2000 வாட் ஹீட்டர் பிளக் கருகுதுப்பா, வயர் புதுசு தான்.

இத கொஞ்சம் கவனமா படிங்கண்ணே, நம்ம கடலோரத்துல இது தான் பெரிய தலைவலி. உப்புக்காத்துல பித்தளை பின் பச்சை பூத்து, உள்ள ஸ்க்ரூவும் லூசாகி, அந்த எடத்துல வெறும் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. ஹீட்டர் இழுக்குறது 8.7 ஆம்பியர், 8.7ஐ 8.7ஆல பெருக்கி அரையால பெருக்குனா 38 வாட், அவ்ளோ சூடும் அந்த பின்னுலயே. ஈயத்த உருக்குற சால்டரிங் அயர்னே 25 வாட் தான்! எங்க வீட்லயும் ஒரு சாக்கெட் இப்படித்தான் உருகி வாசன வந்தப்புறம் தான் பாத்தேன், புள்ளைங்க தூங்குற ரூம், இன்னைக்கும் நெனச்சா பதறுது.

அதே அண்ணன்: அப்ப எம்சிபி (கரண்டு அளவுக்கு மேல போனா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) ஏன் விழல?

கரண்டு ஏறலயேண்ணே, அரை ஓம் சேந்ததால லேசா கொறஞ்சு தான் இருக்கும், எம்சிபிக்கு எல்லாமே சரியா இருக்குற மாதிரி தான் தெரியும். கருகுனத சொரண்டிட்டு திரும்ப மாட்டாதீங்க, இன்னைக்கே மெயின் ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன வச்சு பிளக், சாக்கெட் ரெண்டையும் 16 ஆம்பியர்ல புதுசா மாத்திடுங்க, அதுவர ஹீட்டர் போடவே வேணாம்.