நிவாரண லாரி புறப்படும் முன்பு

கேள்வி: எங்கள் வழிபாட்டுக் குழுவில் முப்பது பேர் இருக்கிறோம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பழைய துணி, மருந்து, பால் பவுடர், கொஞ்சம் பணம் எல்லாம் சேர்த்துவிட்டோம். லாரி, அனுமதி, பயனாளிகள் பட்டியல் அனைத்தையும் தானே பார்த்துக்கொள்வதாக ஓர் ஏற்பாட்டாளர் சொல்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். அவரை நம்பி இந்த வாரமே கிளம்பலாமா? போனால் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: அவரோடு கிளம்ப வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். இந்த வாரம் போகாமல் இருப்பதே நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

பேரிடர் நடந்த இடங்களில் இப்படி ஒருவர் தவறாமல் முளைத்துவிடுகிறார். அவருடைய ஒரே மூலதனம் பட்டியல்தான். அதை வாங்கிக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முழுவதும் ஒரே கையெழுத்தில் இருக்கும். அடுத்தடுத்த கைநாட்டுகள் ஒரே விரலுடையவையாக இருக்கும். எல்லா வீடுகளும் லாரி எளிதாக வந்து நிற்கக்கூடிய இரண்டு தெருக்களுக்குள் அடங்கிவிடும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், துணையில்லாத பெண்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடினாலும் கிடைக்காது. அந்த இரண்டு தெருக்காரர்கள் நான்காவது குழுவிடம் பொருள் வாங்கிக்கொண்டிருக்கும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மிஞ்சிய மூட்டைகள் எங்கே போயின என்பது பட்டியல்காரருக்கு மட்டுமே தெரியும்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. “லாரி வாடகையை, சரக்கு இறங்கிய பிறகு உரிமையாளர் கையிலேயே கொடுக்கிறோம்” என்று சொல்லுங்கள். “பட்டியலில் உள்ள கடைசிப் பத்து வீடுகளுக்கு எங்கள் ஆள் ஒருவர் முதலில் போய்ப் பார்த்து வருவார்” என்றும் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு அவர் உங்கள் தொலைபேசி அழைப்பை எடுக்க மாட்டார்.

இவரைவிட ஆபத்தான இன்னொரு தரகரும் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள், உங்கள் குழு அழைத்துப் போய் வளர்க்கட்டும் என்று பரிவோடு பேசுவார். கரீபியன் நாடான ஹைட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து போன பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த 10 பேர், 33 குழந்தைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது பிறகு தெரிந்தது. துணையில்லாத குழந்தையைப் பார்த்தால், கிடைத்த இடத்துக்கு அருகிலேயே பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, குழந்தைகள் நலப் பொறுப்பில் உள்ளவர்களிடம் உடனே பதிவு செய்யுங்கள். உறவினர் தேடி வருவது அந்த இடத்துக்குத்தான்.

அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மீட்பு நடக்கும் நாட்களில் வெளி வண்டிகளை நிறுத்துவது சரியே. ஒற்றைச் சாலையில் உங்கள் லாரி நின்றால் ஆம்புலன்ஸ் நகராது. ஆனால் அதன் பிறகும் ஓர் அனுமதிக் கடிதத்துக்கு மூன்று அலுவலகங்களுக்கு அலையவிடுகிறார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? யாரிடம் கேட்க வேண்டும், என்ன பொருள் தேவை, எந்த ஊருக்கு இன்னும் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பதை ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும், தரகருக்கு வேலையே இருக்காது. பெரிய அமைப்புகளும் இதில் குறைந்தவை அல்ல. ஹைட்டியில் நிவாரண ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. சொந்த மக்களுக்காக உழைத்த உள்ளூர் அமைப்பினரில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழக்கம் முழுதாக மாறாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி நீங்கள் சேர்த்த பொருட்கள். மருந்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆர்மீனியாவில் 1988 நிலநடுக்கத்தின்போது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் வந்து குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று பிரித்தறியவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த ஐம்பது பேர் நோயாளிகளுக்கு அருகில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

பால் பவுடர் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கான பால் பவுடர் தாராளமாக விநியோகிக்கப்பட்டது. அதைப் பெற்ற, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாத குழந்தைகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. கலக்கும் தண்ணீர் சுத்தமில்லை, கொதிக்கவைக்க அடுப்பில்லை, புட்டியைக் கழுவ வழியில்லை. அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடும் என்று சொல்லி டப்பாவைக் கையில் திணிப்பவர்களை நம்பாதீர்கள். தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒதுக்கமாக உட்கார ஒரு மறைப்பும் கொடுத்து, குழந்தையை அடிக்கடி மார்பில் போடச் சொன்னால் பால் சுரக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாயை இழந்த கைக்குழந்தை இருக்கும். வெள்ளத்துக்கு முன்பிருந்தே பவுடர் பாலில் வளரும் குழந்தையும் இருக்கும். அவர்களுக்கு அது இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் வரிசையில் நிற்கவைத்து அல்ல. செவிலியரோ பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரோ குழந்தையைப் பார்த்து, இதற்குத் தேவை என்று சொல்ல வேண்டும். டப்பாவின் மேல் அந்த ஊர் மொழியில் செய்முறை இருக்க வேண்டும். தண்ணீரே சேர்க்கத் தேவையில்லாத திரவ வகை கிடைத்தால் அதுவே மேல். புட்டி வேண்டாம், கழுவ எளிதான சிறு கிண்ணத்தில் புகட்டலாம். முக்கியமாக, ஒரு டப்பா கொடுத்துவிட்டு ஊர் திரும்பக் கூடாது. குறைந்தது ஆறு மாத வயது முடியும்வரை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு இருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும். உங்கள் குழுவால் இது முடியாது. மருத்துவக் குழுவிடம் விட்டுவிடுங்கள்.

பணம்தான் உங்களிடம் உள்ள சிறந்த நிவாரணம். தைவானின் ட்ஸு ச்சி பௌத்த அறக்கட்டளை, 2013-இல் ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸின் டக்லோபனில், பாதிக்கப்பட்டவர்களுக்கே நாளொன்றுக்கு 500 பெசோ கூலி கொடுத்து அவர்கள் தெருக்களைச் சுத்தம் செய்யவைத்தது. குப்பை அகன்றது, கையில் காசு வந்தது, கடைகளும் திறந்தன. நீங்களும் அந்தப் பகுதியில் ஏற்கெனவே சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கோவிலையோ தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ கண்டுபிடியுங்கள். உங்கள் மதமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

ஆட்கள் தேவைப்படுவது பிறகுதான். தண்ணீர் வடிந்து, படமெடுக்க வந்தவர்கள் போன பிறகு, வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு கிடக்கும். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1950-இல் தொடங்கிய மென்னோனைட் பேரிடர் சேவை அமைப்பு, அமெரிக்காவைத் தாக்கிய 2005 கத்ரீனா புயலுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தங்கி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. வழிபாட்டுக் குழுக்களின் உண்மையான பலம் இந்தப் பொறுமை. சேற்றை அள்ளும்போது வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். உங்களுக்குக் கிழிந்த காகிதமாகத் தெரிவது அவருடைய நிலப் பத்திரமாக இருக்கலாம். முழங்கால் வரை ரப்பர் காலணி, தடித்த கையுறை, டெட்டனஸ் ஊசி கட்டாயம். காலில் புண் உள்ளவர் வர வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதாக உள்ளே நுழையும்.

அங்கே இருக்கும்போது பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தால்தான் டோக்கன் என்ற பேச்சே எழக்கூடாது. உதவியைச் சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று 1994-இல் வகுக்கப்பட்ட செஞ்சிலுவைச் சங்க நடத்தை நெறி சொல்கிறது. பசியோடு நிற்பவரால் உங்களை மறுக்க முடியாது என்பதால் அந்த நெறி தேவைப்படுகிறது. உங்கள் வழிபாட்டைத் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்ட துணிகளை உங்கள் ஊரிலேயே விற்றுப் பணமாக்குங்கள். மருந்தையும் பால் பவுடரையும் கொடுத்தவர்களிடமே, காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். முப்பது பேரில் யாருக்குத் தச்சு வேலை, மின் வேலை, கணக்கெழுத்து தெரியும், யாரால் எத்தனை நாள் தங்க முடியும் என்று ஒரு தாளில் எழுதி அங்குள்ள பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். எப்போது வரலாம் என்பதை அவர் சொல்லட்டும்.