ரெண்டு லிங்க் இருந்தும் நெட்வொர்க் ஏன் படுக்கிறது? – கேள்வி பதில்

ஈசூனிலிருந்து ஒருவர்: அண்ணா, அலுவலகத்தில் இரண்டு லிங்க் (இணைய இணைப்பு). இரண்டிலும் 60 சதவீதம் டிராஃபிக் ஓடுகிறது. ஒன்று போனால் மற்றது தாங்கும்தானே?

தாங்காது தம்பி. 60-ம் 60-ம் 120. நூறு கொள்ளும் இடத்தில் அதை எப்படித் திணிப்பது? இரண்டும் 50-க்குக் கீழே ஓடினால்தான் ஒன்றுக்கு மற்றது மாற்று. 'பாதி சும்மா கிடக்கிறதே' என்று மேலதிகாரி முணுமுணுப்பார். அந்தச் சும்மாவுக்குத்தான் காசு கொடுக்கிறோம். எதுவும் பழுதாகாத நாளிலும் அது வேகம் தரும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணிக்கும் வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி, லிங்க் பாதி நிரம்பினால் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) கடக்கும் சராசரி நேரம் காலி லிங்கைப்போல் 2 மடங்கு; 90 சதவீதம் நிரம்பினால் 10 மடங்கு.

தெம்பனிஸ்: டிராஃபிக்குக்கு வழிகாட்டும் எல்லா ரவுட்டரையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால்?

50 ரவுட்டருக்கு 1,225 இணைப்பு. பில்லை யார் கட்டுவது?

செங்காங் மாணவி: எல்லாம் ஒரே மையத்தில் கூடுவது நல்லதா, கெட்டதா அண்ணா?

இரண்டும்தான். மையம் இருந்தால் பாதை குறுகும், வேகம் கிடைக்கும். 2000-இல் ஆல்பர்ட், ஜியோங், பாரபாசி மூவரும் 'நேச்சர்' இதழில் காட்டியது இதன் மறுபக்கம்: சில பெரிய மையங்களை நம்பிய வலையமைப்பில் கண்டபடி கணுக்களை (இணைப்புகள் சந்திக்கும் புள்ளிகளை) பிடுங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பார்த்துப் பார்த்து மையங்களைப் பிடுங்கினால் சிதறிவிடும். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலையே பாருங்கள். வட்டப் பாதை வந்த பிறகு பீஷானிலிருந்து பாய லேபார் போக நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆனால் மாற்றுப் பாதை இருந்தால் மட்டும் போதாது, கொள்ளவும் வேண்டும். 2024 செப்டம்பரில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை, பேருந்து விட்டார்கள். ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். மாடிப் பேருந்தில் நூற்றுச் சொச்சம்தான்.

உட்லண்ட்ஸ்: இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனி ஃபைபர் வாங்கியிருக்கிறோம் சார். இனிக் கவலை இல்லையே?

நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் வாசலுக்கு வெளியே பள்ளம் தோண்டிய இயந்திரம் ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தது. பில் இரண்டு, குழாய் ஒன்று! கேபிள் எந்தக் குழாயில் வந்து, எந்தப் பக்கமாகக் கட்டடத்துக்குள் நுழைகிறது என்று இருவரிடமும் வரைபடம் கேளுங்கள். அப்புறம், ஒரு ஞாயிறு காலை ஒரு லிங்க்கைப் பிடுங்கிப் பாருங்கள். பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் பிடுங்கி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.